பாடநூலும் மருத்துவ நூலும்: யாழ்ப்பாணத் தமிழில் உடல்நலக் கல்விக்கான கற்பித்தல் கருவித் தேர்வு (1848–1884)

ஆய்வுச் சுருக்கம்

யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழுக்குக் கொண்டுவந்த எட்டு மருத்துவ, அறிவியல் பெருநூல்களைத் தமிழாய்வாளர்கள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்க நோக்கிலேயே மதிப்பிட்டு வந்துள்ளனர். இக்கட்டுரை அந்நூல்களைக் கற்பித்தல் கருவிகளாகக் கொண்டு, அவை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று வினவுகிறது. அவ்வரிசையின் முதல் நூலான கல்வின் கட்டரின் நூல் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் எழுதப்பட்ட உடல்நலப் பாடநூலாகும். பின்வந்தவற்றுள் பெரும்பாலானவை மருத்துவருக்கான நூல்கள். இம்மாற்றம் தமிழில் பள்ளி உடல்நலக் கல்விக்குத் திறந்த ஒரு வழியை எவ்வாறு இடையில் நிறுத்தியது என்பதும், அமெரிக்காவில் அதே வகைப் பாடநூல்களின் தேர்வு பிற்காலத்தில் யார் கைக்குச் சென்றது என்பதும் இங்கு ஒப்புநோக்கி ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கிறீன், மானிப்பாய், கட்டர், அங்காதிபாதம், உற்பாலனம், பள்ளி உடல்நலக் கல்வி, பாடநூல் தேர்வு

முன்னுரை

ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு உடலைப் பற்றி எதைக் கற்பிக்க வேண்டும், எந்த நூலைக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்னும் வினா வெறும் கல்வியியல் வினாவன்று. அதனுள் மொழி, அதிகாரம், தொழில், பண்பாடு ஆகிய நான்கும் அடங்கியுள்ளன. ஆசிரியர் கையில் தரப்படும் நூல், சுவரில் மாட்டப்படும் படம், பயிற்சியில் பயன்படும் கையேடு ஆகிய ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தேர்வே. அத்தேர்வு நிகழ்ந்தபோது எவை ஏற்கப்பட்டன, எவை விலக்கப்பட்டன என்பதை அறிந்தால்தான் கற்பிக்கப்பட்டது என்ன என்பதை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலும்.

தமிழில் இவ்வினாவை வரலாற்று நோக்கில் ஆராய்வதற்குப் பொருத்தமான களம் 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணம். மருத்துவர் கிறீனின் பணி தமிழுலகிற்குப் புதியதன்று. கவிஞர் அம்பி 1967இல் வெளியிட்ட 'கிறீனின் அடிச்சுவடு' அப்பணியைத் தமிழ் வாசகர்களிடையே மீண்டும் அறிமுகப்படுத்தியது. அதன் பின்னர் அறிவியல் தமிழ் வரலாறு எழுதுவோர் கிறீனைக் குறிப்பிடாமல் கடந்ததில்லை. எனினும் அவர் மொழிபெயர்ப்பாளராகவும் கலைச்சொல் முன்னோடியாகவும் போற்றப்பட்ட அளவுக்கு, கற்பித்தல் கருவிகளைத் தேர்ந்தெடுத்த ஆசிரியராக நோக்கப்படவில்லை. மொழிபெயர்ப்புக்கு முன்னே நூல்தேர்வு நிகழ்கிறது. அம்முதற்படியே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. கட்டரின் நூல்: பள்ளிப் பாடநூல் ஒன்றின் பின்னணி

கிறீன் 1822இல் மாசச்சூசெட்சு மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவர் வளர்ந்து கற்ற காலம் அம்மாநிலத்தில் பள்ளிகளில் உடலியல் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்ற காலமுமாகும். மாநிலக் கல்விக் குழுவின் செயலராக இருந்த ஒரேசு மான், 1842ஆம் ஆண்டுக்கான தம் ஆறாம் ஆண்டறிக்கையில் உடலியற் கல்வியின் தேவையை விரிவாக வலியுறுத்தினார். நோய்களுட் பெரும்பகுதி அறியாமையால் விளைவது, அவ்வறியாமையைப் பொதுப்பள்ளியே நீக்க இயலும் என்பது அவ்வாதத்தின் சாரம். 1850இல் மாசச்சூசெட்சு சட்டமன்றம் பொதுப்பள்ளிகளில் உடலியலும் உடல்நலமும் கற்பிக்க வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது.

இச்சூழலில் பரவியதுதான் கல்வின் கட்டர் எழுதிய உடற்கூறு, உடலியல், உடல்நலம் பற்றிய நூல். கட்டர் (1807–1872) மருத்துவர். ஊர்கள்தோறும் சென்று உடலமைப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றியவர். அவருடைய நூல் கல்லூரிகள், உயர்பள்ளிகள், குடும்பங்கள் ஆகியவற்றிற்கு உரியது என்று தலைப்பிலேயே குறிக்கப்பட்டிருந்தது. 1852ஆம் ஆண்டுப் பதிப்பில் 150 படங்கள் இடம்பெற்றன. நூலின் அமைப்பு இங்குக் கவனத்திற்குரியது. எலும்பு, தசை, பல், செரிமானம், குருதியோட்டம், மூச்சு, தோல், நரம்பு, புலன் என ஒவ்வோர் உறுப்புத் தொகுதியையும் கட்டர் மூன்று படிகளில் விளக்குகிறார். முதலில் அமைப்பு, அடுத்து தொழிற்பாடு, இறுதியில் அவ்வுறுப்பைக் காக்கும் முறை. பக்கங்களின் அடியில் வினாக்கள் தரப்பட்டிருந்தன. நோயாளியைப் பேணுவோருக்கான அறிவுரைகளும் நச்சுப்பொருள்களுக்கான முறிவுகளும் நூலின் இறுதியில் சேர்க்கப்பட்டிருந்தன.

இவ்வமைப்பு ஒரு கற்பித்தல் கொள்கையை உணர்த்துகிறது. உறுப்பின் பெயரை அறிவது கல்வியின் தொடக்கம். அதன் வேலையை அறிவது நடுநிலை. அதனைப் பேணுவது பயன். பயனில் முடியாத உடற்கூற்றறிவு பள்ளிக்கு உரியதன்று என்பதே அதன் உட்கிடை. மருத்துவம் பயில்வோருக்கான நூல்களில் இம்மூன்றாம் படி காணப்படுவதில்லை. அங்கு மூன்றாம் படியாக அமைவது நோயும் அதன் சிகிச்சையுமே. உடற்கூற்று நூல்களிடையே பாடநூலையும் மருத்துவ நூலையும் பிரித்தறிய இவ்வேறுபாடே தக்க அளவுகோலாகும்.

2. மானிப்பாயின் முதல் தேர்வு

கிறீன் 1847இல் அமெரிக்க மிசன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். 1848இல் மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலமாகவே இருந்தது. 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டை செமினரி ஆங்கிலமும் அறிவியலும் கற்ற இளைஞர்களை உருவாக்கியிருந்ததால், ஆங்கில நூல்களைக் கொண்டு கற்பிப்பது அப்போது இயலுவதாக இருந்தது. 1841இல் தொடங்கப்பட்ட 'உதயதாரகை' இதழ் மேலை அறிவியற் செய்திகளுக்குத் தமிழ் வாசகர்களை ஓரளவு பழக்கியிருந்தது. அச்சகமும் மானிப்பாயிலேயே இருந்தது. கருவிகளை ஆக்குவதற்கான மூன்று அடிப்படைகளும், அதாவது கற்றோர், வாசகர், அச்சு ஆகியவை, ஒரே வட்டாரத்தில் கூடியிருந்தன.

இந்நிலையில் தமிழாக்கத்திற்கு அவர் முதலில் எடுத்துக்கொண்டது கட்டரின் நூலே. 1850களில் மேற்கொள்ளப்பட்ட அத்தமிழாக்கம் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் பெயரில் 1857இல் அச்சேறியது. மருத்துவ வகுப்பு நடத்தும் ஒருவர், மருத்துவக் கல்லூரிகளுக்கென எழுதப்பட்ட பெருநூலை விடுத்துப் பள்ளி நூலைத் தேர்ந்தது ஏன்?

அதற்கு மூன்று காரணங்களைக் கருதலாம். முதலாவது, கற்போரின் நிலை. தமிழில் மேலை உடற்கூற்றறிவு முன்னர் இல்லாத சூழலில், எளிமையும் முழுமையும் ஒருங்கே அமைந்த நூலே தொடக்க நூலாகத் தகும். இரண்டாவது, சொற்களின் நிலை. ஒரு துறைக்குரிய சொற்கள் அனைத்தையும் ஒரே முயற்சியில் ஆக்க இயலாது. முதலில் அடிப்படைச் சொற்கள் நிலைபெற வேண்டும். பள்ளி நூலில் சொற்களின் தொகை அளவானது. அவை வினாக்களின் வழி மீண்டும் மீண்டும் வருவதால் மனத்திற் பதிவன. மூன்றாவது, பயனின் நிலை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணம் வாந்திபேதிக் கொள்ளைநோயால் மீண்டும் மீண்டும் தாக்குண்டது. நோய் வந்தபின் தரும் மருந்தைக் காட்டிலும், நீரையும் உணவையும் உறைவிடத்தையும் பேணும் அறிவு உடனடித் தேவையாக இருந்தது. உற்பாலனம் என்று கிறீன் பெயரிட்ட பகுதி அத்தேவைக்கு நேரே பொருந்துவது.

ஆயினும் அந்நூலில் ஒரு குறையும் உள்ளார்ந்து இருந்தது. கட்டரின் உடல்நலப் பகுதிகள் குளிர்நாட்டு வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டவை. கம்பளி ஆடை, அடைத்த அறையைச் சூடாக்குதல், மார்பை இறுக்கும் ஆடையால் வரும் கேடு போன்றவை நியூ இங்கிலாந்துப் பிள்ளைக்குக் கண்கூடானவை. பனையோலைக் கூரையின்கீழ், கிணற்றடியில் நீராடி வளரும் யாழ்ப்பாணப் பிள்ளைக்கு அவை கேள்விப்படாத செய்திகள். உடற்கூறும் உடலியலும் எந்நாட்டு மனிதருக்கும் பொதுவானவை. உடல்நலம் பேணும் முறையோ நிலத்தோடும் காலநிலையோடும் உணவோடும் பிணைந்தது. எனவே ஒரு பள்ளி உடல்நல நூலை வேற்று மண்ணில் நடும்போது அதன் மூன்றில் இரு பகுதிகளை மொழிபெயர்க்கலாம். மூன்றாம் பகுதியைப் புதிதாக எழுதியே ஆக வேண்டும். இவ்வுண்மை கட்டரின் நூலுக்கு மட்டுமன்றி, அதன் பின்னர் நம் பள்ளிகளுக்கு வந்த எல்லா உடல்நலக் கையேடுகளுக்கும் பொருந்தும்.

3. பயிற்றுமொழியும் பயில்வோரும்

1854–55 ஆண்டுகளில் அமெரிக்க மிசன் தலைமையகத்தின் செயலர் ரூபசு ஆண்டர்சன் உள்ளிட்ட தூதுக்குழு இலங்கைக்கும் இந்தியாவிற்கும் வந்தது. தாய்மொழிவழிக் கல்வியை வலியுறுத்திய அக்குழுவின் வருகையை அடுத்து, 1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றோர் வந்துகொண்டிருந்த ஊற்றுக்கண் அடைபட்டது. கிறீன் 1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பினார். 1864 முதல் மருத்துவ வகுப்பைத் தமிழிலேயே நடத்தினார்.

இம்மாற்றத்திற்கு மிசனின் கொள்கை ஒரு காரணம் எனினும், கிறீன் கண்ட நடைமுறை உண்மையும் அதற்குத் துணைநின்றது. ஆங்கிலத்தில் பயின்ற மாணவர் அரசுப் பணியையும் வெளியூர்களையும் நாடினர். தமிழில் பயின்றவர் தம் ஊரிலேயே தங்கித் தொழில்புரிவர் என்பது அவர் எதிர்பார்ப்பு. பயிற்றுமொழி என்பது அறிவைக் கடத்தும் வாயில் மட்டுமன்று, அறிவு பெற்றவர் எங்கே சென்று சேர்வார் என்பதையும் தீர்மானிப்பது என்று அவர் உணர்ந்திருந்தார். இது கருவித் தேர்வில் அரிதாகவே எண்ணிப் பார்க்கப்படும் ஒரு கூறு. ஒரு நூல் கற்கத் தக்கதா என்று ஆராய்வோர், அதைக் கற்றவர் யாருக்குப் பயன்படுவார் என்பதையும் ஆராய்தல் வேண்டும். கிறீனின் வழியில் 60க்கும் மேற்பட்டோர் மருத்துவராயினர்.

4. எட்டு நூல்களின் வரிசை

கிறீனின் முயற்சியால் தமிழில் வந்த பெருநூல்களை அச்சேறிய வரிசையில் நோக்குவோம். கட்டரின் நூலும், மகப்பேறு பற்றிய மான்செலின் நூலும் (பிரசவ வைத்தியம்) 1857இல் வெளிவந்தன. துருயிட்டின் அறுவை மருத்துவ நூல் 'இரண வைத்தியம்' என 1867இல் வந்தது. கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' எனவும், ஊப்பரின் மருத்துவக் கையேடு 'வைத்தியாகரம்' எனவும் 1872இல் வந்தன. வெல்சின் வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' என 1875இல் வெளிவந்தது. தால்டனின் உடலியல் நூல் 1883இல் 'மனுஷ சுகரணம்' ஆயிற்று. வாரிங் தொகுத்த இந்திய மருந்துநூலின் வழிவந்த 'இந்து பதார்த்த சாரம்' இவ்வரிசையை நிறைவு செய்தது. இவை மொத்தம் 4000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற பின்னரும் கிறீன் தம் சொந்த ஊரிலிருந்தே இப்பணியைத் தொடர்ந்தார், 1884இல் மறைந்தார்.

இவ்வரிசையைப் படிப்போர் எண்ணி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. எட்டு நூல்களுள் பள்ளிகளை முன்னிட்டு எழுதப்பட்டவை இரண்டே: முதலில் வந்த கட்டரின் நூலும், உயர்பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்குமான வெல்சின் வேதியியல் நூலும். ஏனைய ஆறும் மருத்துவத் தொழில் புரிவோருக்கு உரியவை. தலைப்புகளை ஒப்பிட்டாலும் இது விளங்கும். 1857ஆம் ஆண்டு நூலின் பெயரில் அங்காதிபாதம், சுகரணம், உற்பாலனம் மூன்றும் இணைந்து நின்றன. பின்னர் அங்காதிபாதத்திற்கு 1872இல் தனிப் பெருநூல் கிடைத்தது. சுகரணத்திற்கு 1883இல் தனிப் பெருநூல் கிடைத்தது. உற்பாலனத்திற்குப் பெருநூல் வரிசையில் இடம் கிடைக்கவில்லை.

தால்டனின் நூலைத் தேர்ந்த முறை இதனை மேலும் தெளிவாக்குகிறது. சான் கால் தால்டன் இருவகை உடலியல் நூல்கள் எழுதியவர். 1859இல் வந்தது மனித உடலியல் பற்றிய, மருத்துவ மாணவருக்கான பெருநூல். 1868இல் வந்தது பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்குமான உடலியல், உடல்நல நூல். இவ்விரண்டனுள் தமிழுக்கு வந்தது முன்னதே என்பதை 'மனுஷ சுகரணம்' என்னும் பெயரே உணர்த்துகிறது. 1850களில் பள்ளி நூலைத் தேர்ந்த அதே கை, பின்னாளில் அதே துறையில் பள்ளி நூல் இருந்தும் மருத்துவ நூலைத் தேர்ந்தது.

இதனைக் குறையாகக் கூறுதல் பொருந்தாது. 1864க்குப் பின் கிறீனின் வகுப்பு தமிழ்வழி மருத்துவர்களை ஆக்கும் வகுப்பாக நிலைபெற்றுவிட்டது. நோயாளியின் உயிர் தம் கையில் இருக்கும் ஒருவருக்குப் பள்ளி நூலின் அறிவு போதாது. பொதுமக்களுக்கான சிறு வெளியீடுகளும் அவர் பணியில் இடம்பெற்றன. எனினும் விளைவை நோக்கும்போது, மருத்துவரை ஆக்கும் கருவிகள் பெருகிய அளவுக்கு, ஆசிரியர் கையில் கொடுக்கத்தக்க கருவிகள் தமிழில் பெருகவில்லை. உடல்நல அறிவு வகுப்பறையை விட்டு மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தது.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. வரிசையின் முதல் நூல் குளிர்நாட்டு வாழ்வைச் சார்ந்தது. இறுதி நூலோ இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றியது. வாரிங்கின் இந்திய மருந்துநூல் 1868இல் இந்திய அரசின் சார்பில் உருவானது. நாட்டு மூலிகைகளுக்கும் அதில் இடமளிக்கப்பட்டிருந்தது. கற்பவரின் மண்ணில் கிடைக்கும் பொருளைக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்னும் முதிர்ச்சி இத்தேர்வில் வெளிப்படுகிறது. அம்முதிர்ச்சி உடல்நலப் பாடநூலுக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தால், தமிழ் நிலத்தின் நீரையும் உணவையும் பொழுதையும் அடிப்படையாகக் கொண்ட உற்பாலன நூல் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலேயே நமக்குக் கிடைத்திருக்கக்கூடும்.

5. சொல்தேர்வு ஒரு கற்பித்தல் முடிவு

கிறீனின் கலைச்சொற் கொள்கை நன்கு அறியப்பட்டது. தமிழில் வழங்கும் சொல் இருப்பின் அதனை முதலில் கொள்ளுதல், இன்றேல் வடமொழியை நாடுதல், அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இயைய எழுதுதல் என்பது அதன் போக்கு. நூற்பெயர்களே இதற்குச் சான்றாகின்றன. இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் ஆகியவை மக்கள் வழக்கோடு ஒட்டியவை. அங்காதிபாதம் மரபு மருத்துவ வழக்கிலிருந்து எடுக்கப்பட்டது. சுகரணம், உற்பாலனம் ஆகியவை வடசொல் அடியாக அமைந்தவை. கெமிஸ்தம் ஆங்கில ஒலியைத் தமிழாக்கியது. இரசவாதம் என்னும் பழஞ்சொல் பொன்னாக்கும் வித்தையை நினைவூட்டுவதால் அது விலக்கப்பட்டிருத்தல் கூடும்.

கற்பித்தல் நோக்கில் இச்சொற்களின் பிற்கால வரலாறு பாடம் தருவது. அவற்றுள் அங்காதிபாதம், சுகரணம், உற்பாலனம் மூன்றும் பொதுக்கல்வியில் நிலைக்கவில்லை. உடற்கூற்றியல், உடலியல், சுகாதாரம் என்னும் சொற்களே வழக்கிற்கு வந்தன. கிறீனின் சொற்கள் செம்மை குறைந்தமையால் வழக்கிழந்தன என்று கூற இயலாது. சொல் நிலைபெறுவது அகராதியில் அன்று. அது ஆண்டுதோறும் புதிய மாணவர் வாயில் பயின்று வரும்போதே நிலைபெறுகிறது. 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. கிறீன் நாடு திரும்பிய பின் தமிழ்வழி மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை. வகுப்பு நின்றபோது நூல்கள் வாசகரை இழந்தன. நூல்கள் வாசகரை இழந்தபோது சொற்கள் வழக்கை இழந்தன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பயிலும் பள்ளிப் பாடநூலில் அச்சொற்கள் இடம்பெற்றிருந்தால் அவற்றின் ஆயுள் வேறாக இருந்திருக்கும்.

6. தேர்வாளர் யார்?

கிறீன் தாமே மருத்துவர், ஆசிரியர், பதிப்பாளர் என்னும் மூவராகவும் விளங்கியதால், நூல்தேர்வில் அவருக்குப் போட்டி எழவில்லை. அவர் தாயகத்தில் நிலைமை அவ்வாறு தொடரவில்லை. கட்டரின் நூல் சார்ந்த பள்ளி உடலியல் பாடநூல் வகை, 1880களில் மதுவிலக்கு இயக்கத்தின் கைக்குச் சென்றது. மாசச்சூசெட்சைச் சேர்ந்த மேரி அண்ட் என்னும் முன்னாள் ஆசிரியை, கிறித்தவ மகளிர் மதுவிலக்குச் சங்கத்தின் சார்பில், மதுவின் தீமையை உடலியற் பாடத்தின் வழிக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று இயங்கினார். 1882இல் வெர்மாண்ட் மாநிலம் அதற்கான சட்டத்தை இயற்றியது. 1886இல் நடுவண் அரசும் தன் ஆட்சிப்பகுதிகளுக்குச் சட்டம் இயற்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் எல்லா மாநிலங்களும் இவ்வழிக்கு வந்தன.

சட்டம் வந்தபின் பாடநூலுக்கு ஏற்பு வழங்கும் அதிகாரம் நடைமுறையில் அவ்வியக்கத்திடம் குவிந்தது. தொடக்க வகுப்பு நூல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இடம் மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் ஒதுக்கப்பட வேண்டும், மது சிறிதளவாயினும் நஞ்சென்றே கூற வேண்டும் என்பன போன்ற விதிகளை நிறைவு செய்த நூல்களுக்கே அதன் ஏற்பு கிடைத்தது. பதிப்பாளர்கள் அதற்கேற்ப நூல்களைத் திருத்தினர். அறிஞர்கள் பலர் கொண்ட ஐம்பதின்மர் குழு 1903இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதி, இந்நூல்களில் அறிவியலுக்கு ஒவ்வாத மிகைக்கூற்றுகள் மலிந்துள்ளன என்று சுட்டியது. அண்ட் அம்மையார் அதற்கு மறுப்பு வெளியிட்டார். 1906இல் அவர் மறைந்த பின் அவ்வேற்புமுறை வலுவிழந்தது.

இவ்வரலாறு இருமுனைப் பாடம் தருகிறது. அண்ட் அம்மையாரின் இயக்கம் இன்றியிருந்தால் அமெரிக்கப் பள்ளிகள் அனைத்திலும் உடலியல் அத்துணை விரைவாகக் கட்டாயப் பாடமாகியிராது. நூல்கள் வகுப்பறையில் நிலைபெறச் சட்டமும் மக்கள் ஆதரவும் தேவை என்பதற்கு அது சான்று. கிறீனின் நூல்களுக்குக் கிட்டாதது அதுவே. ஆனால் ஏற்பு வழங்குவோர் ஒரே கருத்தினராகவும், உள்ளடக்கத்தின் பக்க அளவையே அளவுகோலாகக் கொண்டோராகவும் அமைந்தால், நன்னோக்கமும் பொய்யைக் கற்பிக்கும் என்பதற்கும் அதுவே சான்று. உடல்நலக் கல்வியில் அறவுணர்வும் அறிவியலும் அடுத்தடுத்து நிற்பவை. ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கைப்பற்றாமல் காப்பதே தேர்வாளரின் தலையாய கடமை.

7. நூலிலிருந்து செயல்விளக்கத்திற்கு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய இந்தியப் பள்ளிகளுக்கெனச் சுகாதார முதற்பாட நூல்கள் எழுதப்பட்டன. ஆயினும் நூலை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதால் ஊரின் நீர்நிலை தூய்மையாகாது என்பதைச் சிலர் விரைவில் உணர்ந்தனர். இந்தியக் கிராமச் சுகாதாரம் பற்றித் தொடர்ந்து எழுதிவந்த புளாரன்சு நைட்டிங்கேல், 1890களில் இது குறித்து எழுதியவற்றில், கிராமத்தாருக்கு நேரில் விளக்கும் சொற்பொழிவுகளையும் காட்சி விளக்கங்களையும் வலியுறுத்தினார்.

20ஆம் நூற்றாண்டில் இவ்வணுகுமுறை வலுப்பெற்றது. 1916இல் இலங்கையில் தோட்டத் தொழிலாளரிடையே ராக்பெல்லர் நிறுவனம் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தமிழ்த் தொழிலாளர் பலரைச் சென்றடைந்தது. விளக்கப்படங்கள், ஒளிப்படக் காட்சிகள், செயல்விளக்கங்கள் ஆகியவை அந்நிறுவனத்தின் வழக்கமான கருவிகள். 1926இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவு பள்ளிகளையும் தன் பணிக்குள் கொண்டது. எனினும் கருவி புதிதாயினும் கட்டரின் நூலில் கண்ட பழைய சிக்கல் இங்கும் தொடர்ந்தது. கழிப்பிடம் கட்டித்தரப்படாத தோட்டத்தில், கழிப்பிடத்தைப் பயன்படுத்துக என்று கூறும் படம் யாரை நோக்கிப் பேசுகிறது? கற்பவரால் செய்ய இயலாத ஒன்றைக் கற்பிக்கும் கருவி, குறையைச் சூழலிலிருந்து எடுத்துக் கற்பவர் மேல் சுமத்திவிடுகிறது.

8. இன்றைய பொருத்தம்

இந்தியாவில் 1946ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கையும், 1961இல் அறிக்கை அளித்த ரேணுகா ராய் தலைமையிலான பள்ளி உடல்நலக் குழுவும் பள்ளி உடல்நலப் பணியில் கல்வியின் இடத்தை வலியுறுத்தின. 2020 பெப்ரவரியில் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் பள்ளி உடல்நல, நல்வாழ்வுத் திட்டம் 11 கருப்பொருள்களை வகுத்து, பள்ளிதோறும் இரு ஆசிரியர்களை நல்வாழ்வுத் தூதுவர்களாகப் பயிற்றுவிக்க முற்படுகிறது. பயிற்சிக் கையேடுகள் நடுவண் நிறுவனங்களில் ஆக்கப்பட்டு மாநில மொழிகளுக்கு வருகின்றன.

மானிப்பாய் வரலாற்றிலிருந்து, இத்தகைய கையேடுகளைத் தமிழில் தேர்வோரும் ஆக்குவோரும் கேட்டுக்கொள்ளத்தக்க ஐந்து வினாக்கள் பெறப்படுகின்றன. இக்கருவி உறுப்பின் பெயரோடு நிற்கிறதா, பேணும் முறைவரை செல்கிறதா? அப்பேணும் முறை கற்பவரின் நிலத்திற்கும் உணவிற்கும் வீட்டிற்கும் உரியதா, வேற்றிடத்திற்கு உரியதா? அதன் சொற்கள் மாணவர் பிற பாடங்களில் பயிலும் சொற்களோடு இயைகின்றனவா? அதனை ஏற்றவர் யார், எந்த அளவுகோலால் ஏற்றார்? முதல் பயிற்சி முடிந்து, அதனைத் தொடங்கியவர் விலகிய பின்னரும் அது ஆண்டுதோறும் வகுப்பறைக்கு வருவதற்கான ஏற்பாடு உண்டா? இவற்றுள் இறுதி வினாவே கிறீனின் நூல்கள் விடைகாணாமல் விட்டுச்சென்றது.

முடிவுரை

கிறீனின் எட்டு நூல்கள் தமிழில் மேலை மருத்துவத்தைக் கற்பிக்க இயலும் என்பதை ஐயமின்றி நிறுவின. அவற்றின் தேர்வுமுறையை ஆராயும்போது மேலும் ஒன்று புலனாகிறது. அவ்வரிசை பள்ளிக்கும் குடும்பத்திற்கும் உரிய நூலில் தொடங்கி, மருத்துவருக்கு உரிய நூல்களை நோக்கி நகர்ந்தது. அந்நகர்வு அவர் காலத்துத் தேவைக்கு ஏற்றதே. ஆனால் மருத்துவர் வகுப்பை ஆங்கிலவழி நிறுவனங்கள் எளிதில் ஈடுசெய்துவிட்டன. தமிழ்ப் பிள்ளைகளுக்கான உற்பாலனப் பாடத்தை அவற்றால் ஈடுசெய்ய இயலவில்லை. 1857ஆம் ஆண்டு நூலின் பெயரில் மூன்றாவதாக நின்ற சொல், தமிழில் தனிப் பெருநூலாக வளராமலே போயிற்று. அறிவியல் தமிழ் வரலாறு கிறீனின் பெருநூல்களை எண்ணிப் போற்றுவதோடு அமையாது, அவர் முதலில் தேர்ந்த சிறிய பள்ளி நூலின் பதிப்பையும் அதன் உள்ளடக்கத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும். தமிழில் பள்ளி உடல்நலக் கல்வியின் வரலாற்றை எழுதத் தொடங்குவோருக்கு அந்நூலே முதல் ஆவணமாக அமையும்.